கூடு பார்த்தவருக்கு அரைப் பேர் போடாதீர்கள்

மலையகத்துத் தோட்ட முகாமையாளர்களுக்கும் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். குருவிக் கூடு கண்டு ஒரு மரத்தை விட்டுவைக்கிற தொழிலாளிக்கு அன்றைய சம்பளத்தைப் பாதியாக்காதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடமான எங்கள் டிவிசனின் கொழுந்து மடுவத்திலிருந்து தொடங்குகிறேன். தகரக் கூரை, சீமெந்துத் தரை, நடுவில் தராசு. இப்படி ஒரு மடுவத்தில் நீங்கள் ஒவ்வொருவரும் ஆயிரம் தடவை நின்றிருப்பீர்கள். தராசு தொங்கும் சட்டத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கைமரமும் தகரமும் சேர்கிற மூலையில், அரைச் சிரட்டை அளவில் ஒரு மண்கூடு ஒட்டியிருக்கிறது. வாங்கில் ஏறி நின்று பார்த்தால் அதன் மண் உருண்டைகள் தனித்தனியாகத் தெரியும். மிளகைவிடச் சற்றே பெரியவை. பீலிக்கரைச் சேற்றை அலகில் அள்ளி வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உருண்டைகள். நடுநடுவே காய்ந்த புல் நீட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பில் ஒரு கோழி இறகு செருகியிருக்கிறது. காற்றடித்தால் மட்டும் ஆடும்.

கட்டியது மலைத் தகைவிலான். தகைவிலான் என்பது புத்தகத்துப் பெயர். தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்தில் அது மடுவத்துக் குருவி. முதுகு நீலக் கறுப்பாக மினுங்கும், நெற்றியும் தொண்டையும் செங்கல் நிறம், வயிறு சாம்பல். வடக்கிலிருந்து வந்து கடைத்தெருக் கம்பிகளில் வரிசையாகக் குந்தியிருக்கும் தகைவிலான்களுக்கு வாலில் இரண்டு நீண்ட இழைகள் உண்டு. சித்திரை பிறக்கும்போது அவை புறப்பட்டுவிடும். வால் கட்டையான எங்கள் குருவி எங்கும் போகாது. அதன் பாட்டனும் பூட்டனும் இந்த மலையிலேயே கூடு கட்டியவர்கள். 1948 இல் எங்கள் பாட்டன் பூட்டன்களிடம் பிரஜாவுரிமையைப் பறித்தவர்கள் இந்தக் குருவியிடம் பத்திரம் எதுவும் கேட்கவில்லை. அதுவரையில் அதற்கு யோகம்தான்.

சித்திரைப் புத்தாண்டுக்கு வேலை நின்றிருந்த நாட்களில் இந்தச் சோடி மண் ஒட்டத் தொடங்கியது. ஆளரவமில்லாத இடம் என்று நம்பிவிட்டது போலும். விடுமுறை முடிந்து கூடைகள் வந்து சேர்ந்தபோது பாதிச் சுவர் எழும்பியிருந்தது. பெண்கள் கீழே நின்று நிறுக்க, இவை தலைக்கு மேலே போவதும் வருவதுமாக வேலையை முடித்துவிட்டன.

சென்ற வருடமும் இதே மூலையில்தான் கூடு. அப்போது நடந்ததை எழுதத்தான் வேண்டும். தராசுத் தட்டில் எச்சம் விழுகிறது, கொழுந்தில் எச்சம் விழுகிறது என்று மேலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எச்சம் விழுந்தது உண்மைதான். ஒரு பையனிடம், கொழுந்தெடுக்கும்போது செடி மட்டம் பார்க்கும் மட்டக்கம்பைக் கொடுத்துக் குத்தச் சொன்னார்கள். மண் முதலில் விழுந்தது. பிறகு மூன்று குஞ்சுகள். சிறகு முளைக்கவில்லை, வாய் மட்டும் மஞ்சளாகத் திறந்திருந்தது. நடு நிறுவை நேரம் அது. தலையில் கூடைக்கயிற்றோடு நின்ற பெண்கள் யாரும் எதுவும் பேசவில்லை. கொழுந்தை நிறுத்து, சாக்குக்கும் ஈரத்துக்கும் வழக்கம்போலக் கழித்து, எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் பெரியம்மா மட்டும் திரும்பி நடக்கும்போது சொன்னார்: "ஈரத்துக்குக் கழிக்கிறீர்கள், சாக்குக்குக் கழிக்கிறீர்கள். குருவி எச்சத்துக்கும் கால் கிலோ கழித்திருக்கலாமே, நாங்கள் தந்திருப்போமே."

இந்த வருடம் கொழுந்தெடுக்கும் பெண்களே முந்திக்கொண்டார்கள், யாரிடமும் கேட்கவில்லை. வெற்று உரப்பையைக் கிழித்து, நான்கு முனையிலும் கயிறு போட்டு, கூட்டுக்குக் கீழே ஏணைபோலக் கட்டிவிட்டார்கள். எச்சம் பையில் விழுகிறது, கொழுந்து சுத்தமாக இருக்கிறது. செலவு ஒன்றுமில்லை. கொழுந்து மடுவம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவமாகவும் ஆகிவிட்டது என்று சிரிக்கிறார்கள்.

நான் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, அதே பாடசாலையில் இன்று படிப்பிக்கிறேன். நானுஓயாவிலிருந்து மேலேறும் பக்கம். அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். ஒரு தோட்டத்தைக் காட்டிக்கொடுப்பது என் நோக்கமல்ல. இந்தக் கதை உங்கள் தோட்டத்திலும் நடந்திருக்கும்.

எங்கள் பாடசாலையில் ஒரு குருவிக் கொப்பி இருக்கிறது. நாள், நேரம், இடம், குருவி, அது செய்த வேலை என்று ஐந்து கோடு போட்டுப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஐந்தாவது கோடுதான் எனக்குப் பிடித்தது. ஒரு சிறுமி வெள்ளைக்கண்ணிக் கூட்டத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: "முப்பது ஆள். நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டு போகின்றன. கங்காணி இல்லை." கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தப் பச்சைக் குருவிகள் தேயிலைத் தலைகளைத் தொட்டுத் தொட்டு நகர்வதைப் பார்த்தவர்கள் அவள் எழுதியதில் ஓரெழுத்தைக்கூடத் திருத்தமாட்டார்கள். நானும் திருத்தவில்லை.

பங்குனிப் பக்கங்களில் விடைபெறுகிறவர்கள் நிறைந்திருக்கிறார்கள். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் மார்கழி, தை மாதங்களில் கமராவோடு வெளிநாட்டவர் தவம் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்காக, இமயத்திலிருந்து வரும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவிக்காக, ஆறுமணிக் குருவிக்காக. காஷ்மீர் ஈப்பிடிப்பான் குஞ்சு பொரிப்பது வடமேற்கு இமயத்தில் மட்டும்தான். குளிர்காலத்தைப் போக்க அது தேடி வருவது பெரும்பாலும் நம்முடைய மலைகளைத்தான். ஆறுமணிக் குருவியைத் தெரியாதவர் இருக்க முடியாது. விடியலிலும் அந்தியிலும் இரட்டை விசில் அடிக்கும், மழையில் தோய்ந்த வாழையிலைப் பச்சை முதுகு, அடிவயிற்றில் சிவப்பு. சிங்களவர் அதை அவிச்சியா என்பார்கள். தன் உடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டதென்று ஊரெல்லாம் முறையிட்டுத் திரிகிறதாம். எங்கள் கொப்பியில் அதன் கடைசிப் பதிவு புத்தாண்டுக்கு முந்திய வாரம், ஐந்தாவது கோட்டில் "கூப்பிட்டது. பிறகு கூப்பிடவில்லை" என்றிருக்கிறது.

விருந்தாளிகள் போனதும் கமராக்களும் போய்விடுகின்றன. நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் தொடங்குகிறது. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, பாதை நெடுக வான்கள். (அவர்கள் வீசிவிட்டுப் போகும் சோற்றுப் பொதிகளால் அண்டங்காக்கைகள் பெருகி, பிறகு அவை கூடு கூடாக முட்டை தேடித் திரிவது தனிக்கதை. அதற்கு வேறு அலுவலகத்துக்கு வேறு மடல் எழுத வேண்டும்.) நமக்கு இளவேனில் முதுவேனில் எல்லாம் பாடப்புத்தகத்தில் மட்டும்தான். மத்தியானம் இடி இடித்துப் பெய்யும் மழை, அது முடிந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று, இவ்வளவுதான் எங்கள் சித்திரையும் வைகாசியும். இந்த மலையின் சொந்தக் குருவிகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பது பெரும்பாலும் மாசியிலிருந்து இந்த மழைகளுக்கு நடுவே வைகாசி வரைக்கும்தான். சில மறுபடியும் ஆவணியில் ஒரு முறை முயலும்.

செம்மஞ்சள் அலகுள்ள கறுப்புப் பாட்டுக்காரக் குருவி விடிவதற்கு முன்பே சவுக்கு மர உச்சியில் ஏறிவிடுகிறது. காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்கு மணியடிப்பதற்கு முன்பு அது ஒரு கச்சேரியை முடித்துவிடும். கூட்டமாகத் திரிந்த வெள்ளைக்கண்ணிகள் சோடி சோடியாகப் பிரிந்துவிடுகின்றன. அந்தச் சிறுமியின் கும்பல் கலைந்துபோயிற்று. கொப்பியில் இப்போது "இரண்டு ஆள்" என்றுதான் வருகிறது. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி வேலியோரப் புதரில் நார் பொறுக்குகிறது. இந்தக் கொண்டைக்குருவி, வெள்ளைக்கண்ணிகளில் எங்கள் உயரத்தில் இருக்கும் இனம், காட்டோரத்து மங்கல் நீல ஈப்பிடிப்பான் ஆகிய மூன்றும் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. இத்தீவுக்கு மட்டுமே உரிய பறவையினங்கள் முப்பதுக்கும் மேல் உண்டு. அவற்றில் சில மலையைவிட்டுக் கீழே இறங்குவதே இல்லை.

ஆக, பார்க்க வருகிறவர்கள் போன பிறகுதான் பார்க்க வேண்டியது நடக்கிறது. அந்த இரண்டு மூன்று மாதத்தில் கூடுகளுக்குக் கையெட்டும் தூரத்தில் யார் இருக்கிறார்கள்? கொழுந்தெடுக்கும் பெண்கள், மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டும் ஆண்கள், நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிப்பவர்கள். இவர்கள் பார்க்காத கூடு தோட்டத்தில் இல்லை. ஆனால் பார்த்ததைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை என் அப்பாவின் கதையால் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா முருக்கு மரம் கிளை கழிக்கும் கும்பலில் இருந்தார். மழைக்காலத்தில் வெயில் குறைவு, தேயிலைக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே பருவமழைக்கு முன்பு நிழலைக் குறைக்க வேண்டும். அதில் தவறில்லை. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மரம் என்று கணக்கு. அன்று அவர் ஏறிய மரத்தில், கத்தியை ஓங்கிய இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கவைக்கிளையில் ஒரு கூடு தொங்கிக்கொண்டிருந்தது. மூடிய கைக்குள் அடங்குகிற கிண்ணம். பாசியும் மெல்லிய நாரும் சேர்த்து, சிலந்தி நூலால் கிளையோடு தைத்தது. உள்ளே இரண்டு முட்டை, வானம் வெளுக்கும்போது இருக்குமே, அந்த இளநீலம். வெள்ளைக்கண்ணி கிளை நுனிவரை வந்து, அவர் முகத்துக்கு நேரே நின்று கத்தியிருக்கிறது. அப்பா இறங்கிவிட்டார். பக்கத்து மரத்தை வெட்டினாலும் கிளை இதன்மேல்தான் விழும் என்று அதையும் விட்டுவிட்டார்.

மாலையில் கணக்கப்பிள்ளை எண்ணினார். இரண்டு மரம் குறைந்தது. அரைப் பேர்.

தோட்டத்துக்கு வெளியே இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பேர் என்பது செக்றோலில் அன்றைய நாளுக்கு விழும் பெயர், அதாவது சம்பளம். கொடுத்த அளவை முடிக்காவிட்டால் பாதிதான் விழும். அம்மாவுக்குக் கோபம் துரையிலும் இல்லை, கணக்கப்பிள்ளையிலும் இல்லை. "குருவிக்குப் பேறு பார்க்கத்தான் மலைக்குப் போனாயா?" என்று அப்பாவைத்தான் கேட்டார். லயத்தில் ஒரு மாதம் அதுவே சிரிப்பு.

பல வருடங்கள் கழித்து, நான் ஆசிரியையான பிறகு, அந்தக் கூட்டைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். அடுத்த வருடங்களிலும் கூடு கண்டாரா என்று. அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இந்த மடலையே எழுதுகிறேன். "அதற்குப் பிறகு நான் மேலே பார்ப்பதில்லை. பார்த்தால் கூடு தெரியும். தெரிந்தால் வெட்ட மனம் வராது. அதனால் அடிமரத்தையே பார்த்துக்கொண்டு ஏறுவேன்."

ஐயா, அம்மா, ஓர் அரைப் பேருக்கு இவ்வளவு பலம் இருக்கிறது. மலையில் மிகக் கூர்மையான ஒரு சோடிக் கண்ணை அது கீழே பார்க்கப் பழக்கிவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். பங்குனி முதல் வைகாசி முடியும்வரை, கூடு கண்டு ஒரு மரத்தையோ ஒரு முழக் கானையோ ஒரு செடியையோ விட்டுவைக்கிற ஆளுக்கு அன்று முழுப் பேர் போடுங்கள். விட்ட இடத்தைக் கணக்கப்பிள்ளை போய்ப் பார்க்கட்டும். கூடு இருந்தால் அந்த மரத்தை வெட்டியதாகவே எண்ணட்டும். பொய் சொல்வார்கள் என்பீர்கள். கூட்டைப் பொய்யாகக் காட்ட முடியாது, அது அங்கே இருக்கும் அல்லது இராது. வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, தள்ளிவைக்கச் சொல்கிறேன். வெள்ளைக்கண்ணி போன்ற சிறு குருவி முட்டையிட்டுக் குஞ்சு பறக்க மூன்று நான்கு வாரம் போதும். மடுவத்துக் குருவிக்குச் சற்று அதிகம், ஐந்து வாரமளவில். இருநூறு மரமுள்ள ஒரு மலையில் நான்கைந்து மரம் ஆனி மாதத்தில் கிளை இழந்தால் தேயிலை வாடிவிடாது.

கான் விடயம் இதைவிடச் சுலபம். பருவமழைக்கு முன்பு கான்களைத் தூர்வாரி, கரையைச் செதுக்கச் சொல்கிறீர்கள். அதே கரையின் பொந்தில்தான் கறுப்புப் புதர்ச்சிட்டு முட்டையிடுகிறது. நாங்கள் கான் குருவி என்போம். ஆண் கன்னங்கரேல் என்றிருக்கும், தோளில் வெள்ளைத் திட்டு, வாலடியிலும் வெள்ளை. தேயிலைத் தலையில் அல்லது வேலிக்கம்பில் குந்தி வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். பெண் மண் நிறம், பொந்துக்குள் இருந்தால் மண்ணோடு மண். ஆணின் வாயில் புழு இருந்து, அது பொந்துக்குப் போகாமல் உங்களையே பார்த்துக்கொண்டு கத்தினால், உங்கள் காலடியில் எங்கோ குஞ்சு இருக்கிறது என்று பொருள். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் நாற்பது வருடம் கான் வெட்டிய ஒருவர். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நில், அது தானாகக் காட்டிக்கொடுக்கும் என்றார். நின்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய அந்த அறிவுக்கு யாரும் ஒரு பேரும் போட்டதில்லை. ஒரு முழம் கரையைச் செதுக்காமல் விடுவதால் மலை சரிந்துவிடும் என்று எந்த வெளிக்கள உத்தியோகத்தராவது சொன்னால், அவரோடு அந்தக் கானில் இறங்கிப் பேச நான் தயார்.

மருந்தடிப்பு பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015 இல் தடை செய்ததும், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மறுபடி அனுமதித்ததும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். களை பிடுங்க ஆள் இல்லாத கஷ்டமும் எனக்குத் தெரியும். ஓடைக்கரையின் இரண்டு பக்கமும் பத்தடிக்கு மருந்துத் தாங்கி இறங்காமல் இருந்தால் போதும்.

ஓடை என்றதும் உங்கள் பதவியில் இருந்த ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. இந்த மலைகளின் ஓடைகளில் ஒரு நீலக் குருவி இருக்கிறது. சீட்டிப் பூங்குருவி என்று தமிழில் சொல்லலாம். ஆண் தூரத்தில் கறுப்பு, வெயில் பட்டால் கருநீலம், தோளில் மட்டும் துலக்கமான நீலம். பாறை நிழலில், விடியலிலும் அந்தியிலும் மட்டும் வெளிப்படும். தண்ணீர் இரைச்சலையும் மீறிக் கூர்மையாக ஒரு சீட்டி அடிக்கும், அவ்வளவுதான். அருகிவரும் இனம், இலங்கை மலைநாட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்கள் பாதையோரத்து அரெங்கா குளத்தைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் பெயரே இந்தக் குருவியின் பழைய பேரினப் பெயர்தான். அறிவியல் உலகம் அதற்கு 1872 இல் வைத்த பெயரில் பிளை என்று ஒருவர் இருக்கிறார். சாமுவேல் பிளை, கோப்பித் துரை. தோட்டத்தை நடத்திக்கொண்டே பறவைகளைத் தேடித் திரிந்தவர். அவருக்கு முந்தியே, 1823 வாக்கில் கம்பளைப் பக்கம் சிங்ஹபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டு வெற்றி கண்ட முன்னோடியின் பெயரோ ஜோர்ஜ் பேர்ட். பறவை என்ற பெயரோடு வந்து காட்டை அழித்தார் ஒருவர், ஆனால் அது அவருடைய அப்பா வழி வந்த குடும்பப் பெயர், அதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

நான் சொல்ல வந்தது வேறு. பிளை துரை தனியாகவா அந்த ஓடைகளில் இறங்கியிருப்பார்? பாறையில் வழி காட்டியவர், சீட்டி வந்த திசையைச் சொன்னவர், காட்டுத் தொங்கலில் கூடு இருக்கும் இடத்தைக் கைகாட்டியவர் என்று யாரும் இல்லாமலா? எனக்கு ஊகம்தான், சான்று கிடையாது. பறவையின் பெயரில் துரை இருக்கிறார், கங்காணி இல்லை. இன்றைக்கும் அப்படித்தான். கமராக்காரர்களின் வான் நின்றால், வழிகாட்டி இறங்கி வந்து கொழுந்தெடுக்கிற பெண்ணிடம்தான் கேட்கிறார், நீலக் குருவி எந்த ஓடையில் என்று. அவர் கைகாட்டுகிறார். வான் போகிறது. அவர் நிரையில் நின்று பேசிய ஐந்து நிமிடத்துக்குக் கங்காணி சத்தம் போடுகிறார்.

குருவியால் தோட்டத்துக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் உங்களில் இருப்பார்கள், அது உங்கள் தொழில். குருவி புழு தின்னும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும், எத்தனை கிலோக் கொழுந்தை அது காப்பாற்றும் என்று கணக்குக் காட்ட நான் ஆளல்ல. ஒரு பழைய கதையை மட்டும் நினைவூட்டுகிறேன். இலைச்சுருட்டிப் புழு தேயிலையைப் பாழாக்கிக்கொண்டிருந்தபோது, 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிட்டு, புழுவை அடக்கியது. பிறகு ஒரு காலத்தில் தண்டு துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். அதில் குளவி செத்தது, அடங்கியிருந்த புழு மறுபடி கிளம்பியது. உத்தரவு போட்டவர்கள் குளவியைக் கொல்ல நினைக்கவில்லை. அது அங்கே இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய ஏடுகளைப் புரட்டுகிறவர்களுக்கு இது புதிய கதையல்ல.

சட்டம் பற்றியும் ஒரு வரி. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அட்டவணையில் விலக்கிய சிலவற்றைத் தவிர மற்றப் பறவைகளை இந்நாட்டில் காக்கிறது. எங்கள் தோட்டத்து நுழைவாயிலில் "மிருகங்களையும் பறவைகளையும் வேட்டையாடாதீர்" என்று மும்மொழியிலும் பலகை நட்டிருக்கிறார்கள். சான்றிதழ் கொடுக்க வருகிறவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். பலகை நல்லதுதான். அதைப் பார்த்து என் மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், மட்டக்கம்பால் குத்தினால் அது வேட்டையா, இல்லையா?" பலகை நட்டவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்போது கேட்கிறேன்.

எங்கள் முகாமையாளர் பறவைகளை வெறுப்பவர் அல்ல. அவருடைய பங்களாத் தோட்டத்தில் தேன்சிட்டுக்கென்று பூச்செடி வளர்த்திருக்கிறார், தினமும் காலையில் தேநீரோடு நின்று பார்க்கிறாராம். அதே மனிதரின் கீழ்தான் அந்த மட்டக்கம்பு உத்தரவும் வந்தது. அவருக்கே தெரியாமல் வந்திருக்கலாம். தெரிந்திருந்தாலும், பங்களாக் குருவிக்கும் மடுவத்துக் குருவிக்கும் வேறு வேறு கணக்கு என்று நினைத்திருக்கலாம்.

இந்த வாரம் மடுவத்துக் கூட்டில் குஞ்சு பொரிந்துவிட்டது. எத்தனை என்று தெரியவில்லை. சத்தத்தை வைத்து மூன்று என்று பெரியம்மா சொல்கிறார், வாங்கில் ஏறிப் பார்க்கப் பிள்ளைகளை நான் விடவில்லை. உரப்பை ஏணையை யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்காமல் விட்டவர்களுக்கு நன்றி.

வருகிற திங்கட்கிழமை எட்டாம் நம்பர் மலையில் கிளை வெட்டுத் தொடங்குகிறது என்று பெரட்டில் சொல்லியிருக்கிறார்கள். அந்த மலையில் நாங்கள் கண்டவரையில் ஐந்து மரங்களில் கூடு இருக்கிறது. மூன்று முருக்கு, இரண்டு சவுக்கு. மரத்தில் அடையாளம் கட்டினால் காக்கைக்கும் கெட்டிக்காரப் பையன்களுக்கும் வழி காட்டியதாகிவிடும் என்பதால், ஒவ்வொரு மரத்துக்கும் நேர் கீழே மூன்றாவது தேயிலைச் செடியின் அடித்தண்டில் சிவப்புத் துணி சுற்றியிருக்கிறோம். குனிந்து பார்த்தால்தான் தெரியும். என் அப்பா வேலையிலிருந்து நின்றுவிட்டார், ஆனாலும் திங்கள் காலை மலைக்கு வந்து அந்த ஐந்தையும் கணக்கப்பிள்ளைக்குக் காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பேர் வேண்டாம். அந்த ஐந்து மரத்தையும் விட்டுவிட்டு இறங்குகிற ஆளுக்கு முழுப் பேர் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை